எண்பத்தெட்டாவது நிமிடம்

"இனி நாம பந்தாட்டம் பாத்த மாதிரிதான்லே. தும்மினா ஊதுவா, இருமினா ஊதுவா, ஒருத்தன் மேல ஒருத்தன் மூச்சு பட்டாலும் ஊதுவா" என்று யாரோ சொன்னது, கோயில் கொடிமரத்துக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைவில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த டெல்பினின் காதில் விழுந்தது. சொன்னவர் அவள் கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. கூட நின்றவர் சிரித்துவிட்டு பீடிக்கு நெருப்புக் கேட்டார், பேச்சு சூரை மீன் வரத்துக்குப் போய்விட்டது. டெல்பின் மட்டும் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

மூணாம்பாறைத்துறையில் மாதா திருவிழாவின் ஒன்பதாம் நாள் பிற்பகல் நடக்கும் இறுதிப் போட்டி எப்போதும் வடக்கூருக்கும் தெக்கூருக்கும்தான். கோயிலுக்கு வடபுறம் பிறந்தவன் வடக்கூர், தென்புறம் பிறந்தவன் தெக்கூர், நடுவில் கோயிலும் அதன் முன்னால் மைதானமும். தெற்குக் கோலுக்குப் பின்னால் கடல், வடக்குக் கோலுக்குப் பின்னால் தார்ச்சாலை, பேருந்து நிறுத்தம். அந்த மைதானத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கிய பிறகு விசில் கேட்காமல் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே போனவன் அப்புறம் எந்த வள்ளத்திலும் கால் வைக்கக் கூடாது. இங்கே பாதியில் இறங்குகிறவன் நடுக்கடலிலும் வலையைப் போட்டுவிட்டு ஓடுவான் என்பது பழைய ஆட்களின் கணக்கு. அப்படி ஒருவன் தாண்டினதாகவும், அவன் கடைசிக்காலம் வரை கொல்லத்தில் முந்திரி ஆலையில் மூட்டை சுமந்ததாகவும் சொல்லுவார்கள்.

டெல்பின் தெக்கூரில் பிறந்தவள். இருபத்துநான்கு வயது. உடற்கல்விப் பட்டம் வாங்கிவிட்டு, மாவட்டச் சங்கம் நடத்திய நடுவர் தேர்வில் தேறிய ஒரே பெண். அவளுடைய அக்கா ரெஜிலாவை வடக்கூரில் கட்டிக்கொடுத்திருந்தது, அதுவும் வடக்கூரின் கடைசிக் காவல் ஆட்டக்காரன் கிளீட்டஸுக்கு. நடுவரின் சொந்த அத்தான் களத்தில் நிற்பது சரியா என்று ஒருவர் கேட்டதற்கு, கோப்பைக் குழுச் செயலாளர் ததேயுஸ், "பொறந்தது தெக்க, அக்காளக் குடுத்தது வடக்க. இதுக்கு மேல நடுவர் எங்க கெடைப்பா ஒமக்கு?" என்று சொல்லி வாயடைத்துவிட்டார். பிறகு டெல்பினைத் தனியே கூப்பிட்டு, "விசில் கொறச்சு ஊதணும், கேட்டியா மக்ளே. ஆட்டம் ஓடணும். ஓடினாத்தான் ஆட்டம்" என்றார்.

ஓடவிடுவதற்கு விதியிலேயே இடம் உண்டு. ஒருவன் தவறு செய்தாலும், தவறுக்கு ஆளான பக்கத்துக்கே பந்து வாகாகப் போய்க்கொண்டிருந்தால், நடுவர் விசிலைத் தொடாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, போகட்டும் என்று காட்டிவிட்டுக் கூடவே ஓடலாம். நிறுத்தினால் அடிபட்டவனுக்குத்தானே நஷ்டம் என்பது அந்த விதியின் நியாயம். ஆனால் தவறு கரைந்துபோவதில்லை. பந்து அடுத்து எப்போது நிற்கிறதோ அப்போது போய், செய்தவனுக்கு அட்டையைக் காட்டியாக வேண்டும். சின்னச்சின்னத் தவறாக இருந்தாலும் திரும்பத் திரும்பச் செய்கிறவனுக்கும் அட்டைதான். இரண்டாவது மஞ்சளுக்கு உரிய தவறு என்றால் மட்டும், பெரும்பாலும் ஓடவிடாதே, நிறுத்து, அவனை வெளியே அனுப்பு என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். டெல்பின் அதைக் கோடு போட்டுப் படித்திருந்தாள்.

தெக்கூரின் இடது ஓரத்தில் ஆடிய அஜினுக்கு வயது பத்தொன்பது. மெலிந்த பையன், காலில் பந்து இருந்தால் மட்டும் கண்ணை நிமிர்த்துகிறவன். கிளீட்டஸ் முதல் பாதியில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததற்கு டெல்பின் மஞ்சள் அட்டை காட்டினாள். கூட்டத்தில் இருந்து "தும்மியாச்சு!" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு அவன் அஜினின் கணுக்காலில் மிதித்துச் சவுட்டியது நாலு தடவை. நாலு தடவையும் பந்து தெக்கூர்க்காரன் ஒருவனிடமே போனது, நாலு தடவையும் டெல்பினின் கைகள் முன்னால் நீண்டன. பிறகு பந்து நின்றபோது அட்டைக்குப் போகவேண்டிய கை போகவில்லை. ஒவ்வொரு முறையும் கிளீட்டஸ் சிரித்த முகத்தோடு அஜினைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டிவிட்டு, "பந்துக்குத்தான் போனேன் மக்கா" என்றான். அவன் சிரிப்பு ஊருக்கே பிடித்த சிரிப்பு. புயலில் மூன்று பேரைக் கரைசேர்த்தவன் அவன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றது. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஐந்தாவது தடவையாக அஜின் விழுந்தான். கோல் இன்னும் தூரத்தில் இருந்தது. இது இரண்டாவது மஞ்சள், இங்கே நிறுத்தவேண்டும் என்று டெல்பினுக்குத் தெரியும். ஆனால் பந்து உருண்டுபோய்த் தெக்கூர்க்காரனின் காலில் ஒட்டிக்கொண்டது, பின்னால் இருந்து யாரோ "ஓட விடு!" என்று கத்தினார்கள், அவள் கைகள் அவளைக் கேட்காமலே முன்னால் நீண்டுவிட்டன.

அதற்குப் பிறகு அந்த நிமிடம் முடியவில்லை.

பந்து வெளியே போகவில்லை. ஓங்கி அடித்த பந்து சுண்ணாம்புக் கோடு வரைக்கும் போய், கோட்டின் மேலேயே கொஞ்ச தூரம் உருண்டு, வாசல்வரை வந்துவிட்டு எதையோ மறந்தவள்போல உள்ளே திரும்பியது. கோலுக்கு அடித்தால் கம்பத்தில் பட்டு, நேராகத் தெக்கூர்க்காரனிடமே வந்தது. டெல்பினின் கைக்கடிகாரத்தில் எண்பத்தெட்டு என்ற எண் அப்படியே நின்றது. சூரியன் கடலில் இறங்கியது. விளக்குகள் போட்டார்கள். காலையில் தேர்ப்பவனி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வெடிச்சத்தத்துக்கு நடுவில் பந்து ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னும் எண்பத்தெட்டா?" என்று மாதாவைத் தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள். "எண்பத்தெட்டுதான்" என்று ததேயுஸ் ஒலிபெருக்கியில் சொன்னார்.

முதல் மூன்று நாள் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் வந்து பார்த்தன, ஐஸ் வண்டிகள் வந்தன, பலூன்காரன் வந்தான். நான்காம் நாள் அவர்கள் போய்விட்டார்கள், ஊர் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. ஆட்களைத்தான் கோடு மறித்தது, சோற்றை மறிக்கவில்லை. அதனால் தாய்மாரும் மனைவிமாரும் காலையிலும் உச்சியிலும் தூக்குச்சட்டியோடு வந்து கோட்டுக்கு வெளியே நிற்க, ஆட்டக்காரர்கள் ஓடிவந்து ஒரு கையில் வாங்கி, வாயில் போட்டுக்கொண்டே திரும்பி ஓடினார்கள். பந்து வடக்கே இருக்கும்போது தெற்கே நாலு பேர் தூங்கினார்கள், பந்து தெற்கே வந்தால் யாராவது அவர்களைக் காலால் தட்டி எழுப்பினார்கள். பங்குச்சாமி ஞாயிறு பூசைக்கு மேசையை மூலைக்கொடி பக்கம் கொண்டுவந்து வைத்தார். நற்கருணையை அவர் கோட்டுக்கு வெளியே நின்று நீட்ட, இருபத்திரண்டு பேரும் வேகத்தைக் குறைக்காமல் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். முன்பே நாள் குறித்திருந்த வடக்கூர்க் கோல்காப்பாளனின் கல்யாணம் கோல் வாசலிலேயே நடந்தது. பெண் கோல்கோட்டுக்கு அந்தப்பக்கம், அவன் இந்தப்பக்கம். பந்து நடுமைதானத்தைத் தாண்டுவதற்குள் தாலி கட்டியாகவேண்டும் என்று மாமன்மார் கத்த, அவன் இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு எதிரே வந்த பந்தைத் தட்டிவிட்டு வந்து மூன்றாவது முடிச்சைப் போட்டான். பெண் வீட்டார் ரொம்ப நாள் அந்தத் தட்டலைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள்.

மழை பெய்து கோடு அழிந்தபோதெல்லாம் கோயில்பிள்ளை குடையோடு வந்து புதுச் சுண்ணாம்பு போட்டார். அந்த நாட்களில் பிறந்த குழந்தைகளை "எண்பத்தெட்டுல பொறந்தது" என்றார்கள். கடன் கேட்டவரிடம் "நிமிஷம் முடியட்டும் தாறேன்" என்றார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கொடி பிடிக்கும் இரண்டு துணை நடுவர்கள் கோட்டுக்குள் இல்லாததால் முறைவைத்து வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வந்தார்கள், அதில் ஒருவர் ஒரு நாள் வரவேயில்லை, கேட்டதற்கு ரேஷன் கடையில் கூட்டம் என்றார்.

டெல்பின் போகமுடியாது. அவள் கோட்டுக்கு உள்ளே இருந்தாள். தெக்கூர்ப் பெண்கள் தென்மேற்கு மூலையில் நாலு கம்பு நட்டு ஓலை மறைப்புக் கட்டிக்கொடுத்தார்கள். மாதத்தில் வேண்டியதை ரெஜிலா ஒரு பனையோலைப் பெட்டியில் வைத்து, மேலே இரண்டு கொய்யாப்பழத்தையும் வைத்துக் கோட்டுக்கு மேலாக நீட்டினாள். அக்கா தினமும் இரண்டு தூக்குச்சட்டி கொண்டுவந்தாள், ஒன்று கணவனுக்கு, ஒன்று தங்கைக்கு. டெல்பின் அதை நின்றபடி தின்றாள். தின்னும்போதும் அவள் கண் பந்தின் மேலேயே இருந்தது, உறங்கும்போதும் அப்படித்தான் என்று ஊர் சொன்னது. ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு சின்ன அறை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கடல் அங்கேயே இருந்தது, முப்பது தப்படி வைத்தால் கால் நனையும். சாலையில் வண்டிகள் போயின. அவள் படித்த கல்லூரியின் பேருந்து காலையும் மாலையும் போனது, ஜன்னலில் இருந்த பெண்கள் முதலில் கையசைத்தார்கள், பிறகு அசைக்கவில்லை.

ஊதினால் முடிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் வேண்டாம். ஊதினால் கிளீட்டஸ் வெளியே போகவேண்டும் என்பதால் வடக்கூருக்கு வேண்டாம். இதோ கோல், அடுத்த அடியில் கோல், வாசலில் நிற்கிற கோலை எதற்குக் கெடுக்க என்று தெக்கூருக்கும் வேண்டாம். ஆட்டம் தெக்கூருக்கு வாகாகவே நின்றது, நாள் முழுக்க, வாரம் முழுக்க. அவள் விசிலை உதட்டுக்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அவள் பிறந்த தெருவே எழுந்து, "ஊதாதட்டீ! நம்ம பயலுவ போறானுவ பாரு!" என்று கூவியது.

ஆனால் ஒன்று மட்டும் நிற்காமல் நடந்தது. நாளுக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, கிளீட்டஸ் அஜினைச் சவுட்டினான். ஒவ்வொரு தடவையும் பந்து தெக்கூரிடமே உருண்டது, டெல்பினின் கைகள் நீண்டன. ஒவ்வொரு தடவையும் "பந்துக்குத்தான் போனேன்." அஜினின் இடது கணுக்கால் முதலில் பனங்காய்போல வீங்கியது, பிறகு நாவற்பழ நிறத்துக்கு வந்தது. மாற்றாள் இறக்கலாமென்றால் அதற்கும் பந்து நிற்கவேண்டும். அவன் அம்மா பிலோமி, வர்ம ஆசானைக் கூட்டிவந்து கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தாள். அஜின் கோட்டுக்குள் உட்கார்ந்து காலை மட்டும் வெளியே நீட்டினான். ஆசான் எண்ணெய் தொட்டு நீவிப் பார்த்துவிட்டு, "எலும்பு விண்டு நிக்குது. இன்னும் ரெண்டு தாங்கும். மூணாவதுல இந்தக் காலு ஊணு கம்புக்குத்தான் ஆவும்" என்றார்.

பிலோமி டெல்பினைப் பார்த்தாள். திட்டவில்லை. "நீயும் பாத்துக்கிட்டுத்தானே நிக்க, பிள்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலியான எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் ரெஜிலா சோறு கொண்டுவந்தபோது டெல்பின், "எக்கா, நாளைக்கு ஊதப்போறேன்" என்றாள்.

ரெஜிலா தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, மீன்துண்டை மேலே எடுத்துவைத்து, மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இடது தோளிலிருந்து ஒரு சாண் விலக்கினாள். அங்கே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவள் காட்டினாள். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த இடம் வெறும் தோலாக இருந்து டெல்பின் பார்த்ததில்லை.

"முப்பத்தேழு நாளு" என்றாள் ரெஜிலா. "சின்னவன் இப்பம் கதவு தட்டினா கட்டிலுக்கடியில போறதில்ல. யாரு வந்திருக்கான்னு போய்ப் பாக்கான்."

டெல்பின் கையில் எடுத்த உருண்டையைச் சட்டியிலேயே திரும்ப வைத்தாள்.

"ஊதாண்டாம்னு நான் சொல்லல்ல. நீ ரெஃப்ரீ. அவரு என்னைக்கு வீட்டுக்கு வருவாருன்னு மட்டும் முந்தியே சொல்லு. சோத்துக்கு ஒல வைக்கணும்லா."

அம்மா உயிரோடு இருந்தபோது சொன்னது டெல்பினுக்கு நினைவு வந்தது. ரெண்டு பிள்ளைகள் இருக்கு, தலைக்கு மேல ஓடு இருக்கு, மருமவன் என்ன செய்தாலும் கடலுக்குப் போகாம இருந்ததில்ல, வீடு ஓடுதுல்லா, ஓடட்டும். அப்போது டெல்பின் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி ஆமா என்று தலையாட்டினாள்.

அவள் அடுத்த நாள் ஊதவில்லை. அதற்கடுத்த நாளும் ஊதவில்லை. அந்த இரண்டு நாட்களில் கிளீட்டஸ் அஜினை இரண்டு தடவை சவுட்டினான். இரண்டாவது தடவை அஜின் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தான். டெல்பின் பக்கத்தில் ஓடி, குனிந்து, ஓட்டத்தை நிறுத்தாமலே, "முடியுமா?" என்று கேட்டாள்.

"அக்கா ஊதினா நிக்கும்" என்றான் அவன். "ஊதலன்னா ஓடணும். எனக்கிட்ட எதுக்கு கேக்குதீய?"

அவன் எழுந்து ஒற்றைக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனான். அவன் தேய்த்த கோடு ஈரமண்ணில் தனியாகத் தெரிந்தது. டெல்பின் அன்று முழுவதும் கிளீட்டஸுக்கும் அஜினுக்கும் நடுவிலேயே ஓடினாள். நடுவர் அப்படி ஓடக்கூடாது. பந்து வரும் வழியில் அவள் நிற்கிறாள் என்று இரண்டு தெருவும் ஏசின. எவ்வளவு ஓடினாலும் ஒரு ஆள் ஒரு ஆளைத்தான் மறைக்கலாம், அதுவும் ஒரு பக்கத்தைத்தான்.

சாயங்காலம் ரெஜிலா வந்தபோது டெல்பின் தூக்குச்சட்டியை வாங்கவில்லை.

"எக்கா. அந்தப் பயலுக்க காலு போவும். அடுத்ததோட போவும். ஆசான் சொல்லியாச்சு."

ரெஜிலா களத்தைப் பார்த்தாள். அஜின் தூரத்தில் கொக்குபோல நின்றுகொண்டிருந்தான்.

"என்னால ரெண்டையும் பாத்துக்கிட்டு நிக்க முடியல்ல" என்றாள் டெல்பின். அழுகை வந்தது, ஆனால் பந்து இவர்கள் பக்கம் வந்ததால் அதைத் துடைத்துக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அக்கா போயிருந்தாள். தூக்குச்சட்டிகள் இரண்டும் கோட்டுக்கு உள்ளே வைக்கப்பட்டிருந்தன.

மறுநாள் காலை, நாற்பதாவது நாள், ரெஜிலா மைதானத்துக்கு வரவில்லை. ஏழு மணிக்குமேல் டெல்பின் வடக்குப் பக்கம் திரும்பியபோது, கோலுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப்புறம், பேருந்து நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். திருவிழாச் சேலை கட்டியிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் தலைசீவிப் பவுடர் போட்டிருந்தார்கள். காலடியில் ஒரு சாக்குமூட்டை, ஒரு இரும்புப்பெட்டி, பெட்டிக்கு மேல் தையல் இயந்திரத்தின் தலைமட்டும் துணியில் சுற்றி. சின்னவன் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். ரெஜிலா மைதானத்தைப் பார்க்கவில்லை, வண்டி வரும் திசையைப் பார்த்தாள்.

டெல்பின் பார்த்த அதே நேரத்தில் கிளீட்டஸும் பார்த்தான்.

"ஏட்டி!" என்றான். "ஏட்டி ரெஜிலா! எங்கட்டி போற?"

அவள் திரும்பவில்லை. அவன் சிரித்தபடியேதான் இன்னொரு தடவையும் கூப்பிட்டான், மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை. கோல்கோடு வரை ஓடினான். கோட்டின்மேல் ஒரு கால் தூக்கியபடி நின்றான். அவன் தெருக்காரர்களே, "கிளீட்டஸே, தாண்டாதலே! வள்ளத்த நெனச்சுக்கோ!" என்று கத்தினார்கள். தூக்கிய கால் காற்றில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளேயே இறங்கியது. அவன் திரும்பி ஓடிவந்து, கிடைத்த பந்தை உயிரைக் கொடுத்து வெளியே அடித்தான். பந்து கோடு வரைக்கும் போய், கோட்டின்மேல் உருண்டு, உள்ளே திரும்பியது.

"ஊதுட்டீ!" என்றான் டெல்பினிடம். நாற்பது நாளில் அவன் அவளிடம் விசில் கேட்டது அப்போதுதான். "விசில ஊது! நான் போணும்! சிவப்போ கறுப்போ என்ன எழவையும் காட்டிக்கோ, ஊது!"

"அத்தான், பந்து ஆட்டத்துல இருக்கு" என்றாள் டெல்பின். அவள் மைதானத்தில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. ததேயுஸ் ஒலிபெருக்கியை அணைத்துத் தரையில் வைத்தார்.

பேருந்து வந்தது. மீன்கூடைக்காரிகள் முதலில் ஏறினார்கள், கூடைகளை ஒவ்வொன்றாகப் பின்வாசலில் ஏற்ற, நடத்துநர் தண்ணீர் வடியுதென்று சண்டைபிடித்தார். கிளீட்டஸுக்கு விஷயம் பிடிபட்டது. ஊதவைக்க ஒரே வழிதான் இருக்கிறது, ஊதாமல் இருக்கமுடியாதபடி ஒரு சவுட்டு. அவன் அஜினை நோக்கி ஓடினான். பந்து அஜினிடம்தான் இருந்தது. அஜின் பேருந்தைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான், பந்தைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தட்டிவிட்டு ஒற்றைக்காலில் துள்ளி விலகினான். பக்கத்தில் இருந்தவன் அடுத்தவனுக்குத் தட்டினான். கிளீட்டஸ் அங்கே ஓடினான், பந்து இங்கே வந்தது, இங்கே ஓடினான், அங்கே போனது. பந்து ஒரு முறை தவறி வடக்கூர்க் கோல்காப்பாளனிடம் உருண்டு போனது. பின்னால் கம்பத்துக்கு அப்பால் சோற்றோடு நின்ற புதுப்பெண் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பந்தைக் காலால் நிறுத்தி, நிதானமாக, எதிரணியான தெக்கூர்க்காரனுக்கே உருட்டிவிட்டான். "லேய், நீ எந்தத் தெருவுலே!" என்று கிளீட்டஸ் அலறினான். கோல்காப்பாளன் கையுறையைச் சரிசெய்துகொண்டான்.

இரும்புப்பெட்டி ஏறியது. தையல் இயந்திரத்தின் தலை ஏறியது. சின்னவன் ஏறினான், மூத்தவள் ஏறினாள், ரெஜிலா சாக்குமூட்டையை இடுப்பில் தாங்கி ஏறினாள். நடத்துநர் விசில் கொடுத்தார். மைதானம் முழுக்க ஒரு கணம் உறைந்து, ஊதியது அவளா என்று டெல்பினைப் பார்த்தது. டெல்பின் தலையை இல்லை என்று அசைத்தாள். பந்து மறுபடி ஓடியது. பேருந்து பனிக்கட்டி ஆலையைத் தாண்டியது, குருசடியைத் தாண்டியது, வளைவில் அதன் பின்பக்கக் கண்ணாடி ஒருதரம் மின்னியது, பிறகு சாலை மட்டும் இருந்தது.

களைத்துப்போன கிளீட்டஸ் இடுப்பில் கைவைத்து நின்றான். பிறகு அஜினைப் பார்த்தான். பந்து திரும்ப அஜினின் காலுக்கே வந்திருந்தது. அவனுக்கு முன்னால் கோல் வாய் திறந்துகிடந்தது, நாற்பது நாளும் கிடந்ததுபோலவே. தெக்கூர் முழுவதும் எழுந்து நின்று, "அடிலே மக்கா! கோலு! அடிலே!" என்று கதறியது. கிளீட்டஸ் தலையைக் குனிந்துகொண்டு, பத்துத் தப்படி தூரத்திலிருந்து ஓடிவரத் தொடங்கினான்.

டெல்பின் விசிலை வாயில் வைத்து ஊதினாள். மூச்சு தீரும்வரை ஊதினாள். பிறகு கிளீட்டஸுக்கு முன்னால் போய் நின்று, சட்டைப்பையிலிருந்து முதலில் மஞ்சளையும் அடுத்து சிவப்பையும் எடுத்து, கை முழுதாக நீளும்வரை உயர்த்திப் பிடித்தாள்.